கருவி வழிப் பறத்தலுக்கு இலவச வரைபடமா, சந்தா வரைபடமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெக்சாஸில் ஒரு பயிற்சிப் பள்ளியில் தனியார் விமானி உரிமம் பெற்று, இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, அதாவது வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதிக்கு, படித்துவருகிறேன். அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ வெளியிடும் வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பயிற்றுநர்களில் ஒருவர், விமான நிறுவனத்தில் சேரும் எண்ணம் இருந்தால் இப்போதே ஜெப்பசன் என்ற தனியார் நிறுவனத்தின் வரைபடங்களுக்குச் சந்தா கட்டிப் பழகிக்கொள்ளச் சொல்கிறார். மற்றவர் அது வீண் செலவு என்கிறார். மேகத்துக்குள் இறங்கும்போது கையில் இருக்கும் வரைபடத்தில் சிக்கனம் பார்ப்பது சரியா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: அமெரிக்காவுக்குள் பயிற்சி விமானத்திலோ சொந்த விமானத்திலோ பறக்கும்வரை எஃப்ஏஏ வரைபடங்களே உங்களுக்குப் போதும். ரேட்டிங் கைக்கு வரும்வரை ஜெப்பசன் சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பது தரத்தில் குறைந்ததாகத்தான் இருக்கும் என்ற வழக்கமான கணக்கு இங்கே பொருந்தாது. ஓர் ஓடுபாதையை நோக்கி எந்தத் திசையில் வர வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு உயரம்வரை இறங்கலாம், ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் எப்படி விலகி ஏற வேண்டும் என்பதையெல்லாம், டெர்ப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் விதிகளின்படி, குன்றுகளையும் கோபுரங்களையும் கணக்கில் கொண்டு, பெரும்பாலும் எஃப்ஏஏவே வடிவமைக்கிறது. ஜெப்பசன் அந்தத் தரவை எடுத்துத் தன்னுடைய பாணியில் வரைந்து விற்கிறது. ரேடியோ அலைகளைப் பின்பற்றி ஓடுபாதைக்கு இறங்கும் ஓர் ஐஎல்எஸ் அணுகுமுறையில், ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே ஏறியாக வேண்டிய தீர்மான உயரம் தரையிலிருந்து 200 அடி என்றால் இரண்டு வரைபடங்களிலும் அது 200 அடிதான். பணம் கொடுப்பதால் தடைகளுக்கு மேலே கூடுதலாக ஓர் அடி இடைவெளிகூடக் கிடைப்பதில்லை. தகவல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் மாறுகிறது.

கடிதங்களில் பலரும் இரண்டு வேறு செலவுகளை ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதைக் காண்கிறேன். அமெரிக்க அரசின் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பதால், எஃப்ஏஏ வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தரலாம். ஸ்கைவெக்டர், ஃபிளைட்பிளான் கோ போன்றவை அவற்றை இலவசமாகவே காட்டுகின்றன. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட் போன்ற செயலிகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டும்போது நீங்கள் பணம் கொடுப்பது மென்பொருளுக்குத்தான்: வரைபடத்தின் மேல் உங்கள் விமானம் நகர்வதைக் காட்டுவது, வானிலையை அதன்மேல் விரிப்பது, பறத்தல் திட்டத்தைப் பதிவு செய்வது ஆகிய வசதிகளுக்கு. அந்தச் சந்தாவுக்குள் இருப்பதும் அதே எஃப்ஏஏ வரைபடங்கள்தான். அதற்கும் மேலே தனியாகக் கட்டுவதுதான் ஜெப்பசன் வரைபடச் சந்தா. முதல் செலவு பயனுள்ளது. பறக்கும்போது விரல்களுக்கு வேலை குறையும். இரண்டாவது செலவைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

விமான நிறுவனத்துக்காக இப்போதே பழக வேண்டும் என்ற வாதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. நிறுவனங்கள் எல்லாம் ஜெப்பசனையே பயன்படுத்துவதில்லை. லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ, ஏர்பஸ்ஸின் நாவ்புளூ ஆகியவற்றைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. எதுவானாலும் அதற்கான சந்தாவையும் பயிற்சியையும் நிறுவனமே தரும். ஒரு பாணியை ஆழமாக அறிந்தவருக்கு மறு பாணியின் குறியீடுகளைப் படித்துக்கொள்ளச் சில நாட்கள் போதும். அதோடு, எஃப்ஏஏ எழுத்துத் தேர்வுக்குத் தரப்படும் இணைப்பு நூலில் இருப்பவை அரசு பாணி வரைபடங்களே. தேர்வுக்கு ஒன்று, பறத்தலுக்கு மற்றொன்று என்று தொடக்கத்திலேயே மனத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணத்தைச் சிமுலேட்டரிலோ, பயிற்றுநருடன் உண்மையான மேகத்துக்குள் பறப்பதிலோ செலவிட்டால் பல மடங்கு பலன் உண்டு.

கேள்வி: இரண்டிலும் இருப்பது ஒரே தரவு என்றால், தகவல் அடுக்கப்பட்ட விதத்துக்கு மட்டும் மக்கள் ஏன் பணம் கொடுக்கிறார்கள்? அது வெறும் அழகு சார்ந்த விஷயம்தானே?

பதில்: அழகு சார்ந்த விஷயம் அல்ல. வரையும் விதத்தால் உயிர்கள் போயிருக்கின்றன.

1964 நவம்பர் 15 அன்று பொனான்சா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று லாஸ் வேகஸை நெருங்கும்போது மலையில் மோதியது. அதிலிருந்த 29 பேரும் இறந்தனர். பின்னர் நடந்த வழக்கில் அந்த விமானிகள் பயன்படுத்திய ஜெப்பசன் வரைபடமே குறைபாடுள்ள பொருள் என்று தீர்ப்பானது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. வரைபடத்தில் அச்சிட்டிருந்த எண்கள் சரியாகவே இருந்தன. ஆனால் மேலிருந்து பார்க்கும் படம் 15 மைல் தூரத்தையும், பக்கவாட்டில் இறக்கத்தைக் காட்டும் படம் 3 மைல் தூரத்தையும் காட்ட, இரண்டும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டவை போலத் தோன்றின. நெருக்கடியில் கண்ணை ஓட்டும் விமானி, 3 மைலில் இருக்க வேண்டிய உயரத்தை 15 மைலிலேயே பொருத்திப் பார்த்துவிட முடியும்.

பத்தாண்டுகள் கழித்து, 1974 டிசம்பர் 1 அன்று, டிடபிள்யூஏ 514 விமானம் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்குகையில் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ரவுண்ட் ஹில் என்னும் இடத்தை அடையும்வரை 3,400 அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது மேலிருந்து பார்க்கும் படத்தில் இருந்தது. இறக்கத்தைக் காட்டும் பக்கவாட்டுப் படத்தில் அது இல்லை. அங்கே கண்ணில் பட்டது 1,800 அடி. கேப்டன் 3,400 என்ற எண்ணைக் கவனித்துப் பேசியும் இருக்கிறார். ஆனால் அணுகுமுறைக்கு அனுமதி கிடைத்துவிட்டதால் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று பொருள்கொண்டு இறங்கினார்கள். கட்டுப்பாட்டாளரின் அனுமதிக்கு என்ன பொருள் என்பதில் இருந்த குழப்பமும் அன்று சேர்ந்துகொண்டது. தரை நெருக்க எச்சரிக்கைக் கருவி அமெரிக்க விமானங்களில் கட்டாயமானதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

இன்றைய நிலைக்கு வருவோம். முன்பு எஃப்ஏஏ வரைபடத்தைவிட ஜெப்பசன் வரைபடம் படிக்க எளிதாக இருந்தது என்பது உண்மை. இன்று பேசிச் சரிபார்க்கும் வரிசையில் தகவல்களைத் தரும் மேற்பட்டை இரண்டிலுமே இருப்பதால் இடைவெளி பெருமளவு குறைந்துவிட்டது. இருந்தாலும் சில வேறுபாடுகள் உள்ளன, அவை முக்கியமானவை.

எஃப்ஏஏ வரைபடத்தின் குறிப்புப் பகுதியில் கறுப்பு முக்கோணத்துக்குள் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அந்த விமான நிலையத்தில் புறப்பாட்டுக்கு வழக்கத்துக்கு மாறான குறைந்தபட்சங்களோ (பார்வைத்தூரம் போன்றவை குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்ற எண்கள்) தடைகளைத் தவிர்த்து ஏறும் நடைமுறையோ இருக்கிறது என்று பொருள். ஆனால் அது என்ன என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. நூலின் வேறொரு பகுதியில் பொடி எழுத்தில் உரைநடையாக இருக்கும். செயலியிலும் அதைத் தனியாகத் தேடித் திறக்க வேண்டும். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று விமான நிலையத்துக்கான ‘ஏ’ முக்கோணமும் அப்படியே. ஜெப்பசனில் இவை பெரும்பாலும் அந்த விமான நிலையத்தின் பக்கங்களிலேயே, ஓடுபாதை வரைபடத்தை ஒட்டியே அச்சாகியிருக்கும். மலை சூழ்ந்த நிலையத்திலிருந்து மேகத்துக்குள் ஏறும் ஒருவர் அந்த முக்கோணத்தைப் பார்த்தும் உரைப்பகுதியைத் திறக்காமல் புறப்படுவதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இலவச வரைபடத்தைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இரண்டு முக்கோணங்களையும் ஒருபோதும் தாண்டிப் போகக் கூடாது.

இன்னொன்று, ஓடுபாதைக்கு முன்னால் வழிகாட்டும் அணுகு விளக்குகள் எரியாத நிலை. ஐஎல்எஸ் அணுகுமுறைக்குத் தேவையான பார்வைத்தூரம் அரை மைல் என்று எஃப்ஏஏ வரைபடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மால்சர் வகை அணுகு விளக்குகள் பழுது என்று நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு, வந்தால், பொதுவாகக் கால் மைலைக் கூட்டி முக்கால் மைல் என்று கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு அந்தப் பக்கத்தில் இல்லை. செயலிழந்த உபகரணங்களுக்கான பொது அட்டவணையில் இருக்கிறது. ஜெப்பசனின் அட்டவணையில் விளக்கு இல்லாதபோது என்ற தனிக் கட்டத்திலேயே முடிந்த எண்ணைப் பார்க்கலாம். காற்று குலுக்கும் இரவில், தனியாகப் பறக்கும் விமானி மனக்கணக்குப் போட வேண்டியதில்லை என்பது சிறிய உதவி அல்ல.

எஃப்ஏஏ பாணிக்கே உரிய சில குறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச உயரத்துக்கு அடுத்து சாய்கோடு இட்டு 24 என்றிருந்தால் அது ஓடுபாதைப் பார்வைத்தூரம் 2,400 அடி. சிறுகோடு இட்டு ½ என்றிருந்தால் அது அரை மைல். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் ராணுவ விமானிகளுக்கானவை, நமக்கு வேண்டாம். ஜெப்பசனில் இந்த ராணுவ எண்கள் இல்லாததால் கட்டம் சற்றுத் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: பெரிய நிறுவனம், பல தலைமுறை அனுபவம். பணம் கொடுத்து வாங்கும் வரைபடத்தில் பிழை இருக்காது என்று நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது.

அந்த நிறுவனத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தபால் விமானங்கள் ஓட்டிய எல்ரே ஜெப்பசன், 1930 வாக்கில் பத்து சென்ட்டுக்கு ஒரு குறிப்பேட்டை வாங்கி, வழியிலுள்ள வயல்வெளிகள், குன்றுகள், மின்கம்பிகள், உதவக்கூடிய விவசாயிகளின் தொலைபேசி எண்கள் என்று தன் கையாலேயே குறித்துவைத்தார். சக விமானிகள் பிரதி கேட்டார்கள். 1934இல் அது தொழிலாயிற்று. விமானிகளின் உயிரைக் காக்கும் அக்கறையில் பிறந்தது அந்தப் பணி என்பதில் ஐயமே இல்லை. 2000ஆம் ஆண்டில் போயிங் அதை வாங்கியது. 2025இல் ஃபோர்ஃபிளைட்டுடன் சேர்த்துத் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது.

ஆனால் 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நோக்கி இறங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானத்தின் கதையைப் பாருங்கள். ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்கான குறியீடு வரைபடத்தில் ‘ஆர்’ என்றிருந்தது. விமானி அதையே விமானத்தின் பறத்தல் கணினியில் தட்டினார். கணினியின் தரவுத்தொகுப்பிலோ அந்த ஓரெழுத்து, பொகோட்டாவுக்கு அருகிலிருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ரோசோவை அழைக்க முழுப் பெயரையும் தட்ட வேண்டியிருந்தது. விமானம் இடப்பக்கம் திரும்பி மலையை நோக்கிப் போயிற்று. 159 பேர் இறந்தனர். 2000ஆம் ஆண்டில் மயாமியில் நடந்த வழக்கில் நடுவர் குழு விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், ஜெப்பசனுக்கு 17 சதவீதம், பறத்தல் கணினியைத் தயாரித்த ஹனிவெல்லுக்கு 8 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. வரைபடத்தை விற்றதும் தரவுத்தொகுப்பைத் தந்ததும் ஒரே நிறுவனம் என்றபோதும் இரண்டுக்கும் இடையே பொருத்தம் இல்லாமல் போயிற்று.

மூலமே தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1973இல் அலாஸ்காவின் கோல்ட் பே அருகே வேர்ல்டு ஏர்வேஸ் சரக்கு விமானம் மலையில் மோதி ஆறு பேர் இறந்தனர். நடைமுறையை வகுத்தது அரசு, நாங்கள் அதை அப்படியே வரைந்தோம் என்று ஜெப்பசன் வாதிட்டது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் பார்வையில் பொறுப்பு யாருடையது என்பது வேறு. விமானிக்கு இதில் உள்ள செய்தி, அரசு செய்யும் பிழை சந்தா வரைபடத்திலும் அப்படியே வந்து சேரும் என்பது. எந்த வரைபடம் ஆனாலும் இறங்குவதற்கு முன்பு கணினித் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் உயரத்தையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் விமானம் திரும்பும் திசைக்கும் வரைபடத்தில் உள்ள திசைக்கும் பொருத்தம் இல்லை என்றால், முதலில் ஏறுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

கேள்வி: வரைபடம் இலவசம் என்றால் ஜிபிஎஸ் அணுகுமுறைக்கும் வேறு செலவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இல்லை. விமானத்தில் பொருத்தப்பட்ட சான்றுபெற்ற ஜிபிஎஸ் கருவிக்குள் இருக்கும் தரவுத்தொகுப்பு தனி. கார்மின், ஜெப்பசன் போன்றோரிடமிருந்து அதைச் சந்தா கட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். எஃப்ஏஏ குறியீட்டு வடிவிலான தரவையும் இலவசமாகவே வெளியிடுகிறது. ஆனால் அதை இறக்கி நேரே அத்தகைய கருவியில் ஏற்றிவிட முடியாது. அணுகுமுறைக்கு நடப்புத் தரவு வேண்டும் என்பதைப் பல கருவிகளின் ஆவணங்களே நிபந்தனையாக வைத்திருக்கின்றன. சந்தா கட்ட ஒரே ஒரு தொகைதான் கையில் இருக்கிறது என்றால், ஜெப்பசன் வரைபடத்தை விட்டுவிட்டு இந்தத் தரவுத்தொகுப்புக்குக் கட்டுங்கள். விமானம் பின்பற்றுவது அதைத்தான்.

கேள்வி: அமெரிக்காவில் பயிற்சி முடித்து இந்தியா திரும்பி, உரிமத்தை இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவில் மாற்றப்போகிறேன். சென்னை போன்ற நிலையங்களுக்கும் இலவச வரைபடம் உண்டா? அல்லது அங்கே ஜெப்பசன் தவிர்க்க முடியாததா?

பதில்: உண்டு. இந்திய விமான நிலையங்கள் ஆணையம், நாட்டின் விமானத் தகவல் தொகுப்பான ஏஐபியை மின்னணு வடிவில் தன் வலைத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விமான நிலையங்களுக்கான ஏடி பகுதியில் சென்னையின் குறியீடான விஓஎம்எம் என்பதன் கீழே போனால், ஓடுபாதை 07/25, 12/30 ஆகியவற்றுக்குரிய வரைபடங்கள் கிடைக்கும். படிக்கவும், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகவும் அவை தாராளமாகப் போதும்.

ஆனால் அமெரிக்கப் பழக்கத்தை அப்படியே கொண்டுவர வேண்டாம். அமெரிக்க வரைபடத்தில் நீங்கள் இறங்கலாம் என்ற உயரமும் பார்வைத்தூரமும் நேராக அச்சாகியிருக்கும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறையைப் பின்பற்றும் நாடுகளின் வரைபடங்களில் ஓசிஏ, அதாவது தடைகளைத் தாண்டுவதற்கான உயரம், அடிப்படை எண்ணாக இருக்கும். அதற்கு மேல் விமானத்தை இயக்குபவருக்குரிய குறைந்தபட்சத்தை அந்நாட்டு விதிகளின்படி வகுக்க வேண்டும்; இந்தியாவில் டிஜிசிஏ விதிகளின்படி. ஓசிஏ எண்ணைப் பார்த்து அதுவே தீர்மான உயரம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. டெர்ப்ஸும், பான்ஸ்-ஆப்ஸ் என்ற சர்வதேச விதிகளும் சுற்றிவந்து இறங்குவதற்கான பாதுகாப்புப் பரப்பைக் கணக்கிடும் முறையிலும் வேறுபடுகின்றன.

சந்தா வரைபடத்தின் உண்மையான பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒவ்வொரு நாடும் தன் ஏஐபியைத் தன் பாணியில் வரைகிறது. ஒரே வாரத்தில் மூன்று நாடுகளில் இறங்கும் விமானிக்கு அந்த எல்லாப் பாணிகளையும் மாற்றி மாற்றிப் படிப்பது பெரும் சுமை. ஜெப்பசனிலோ லிடோவிலோ எந்த நாட்டின் பக்கத்தைத் திறந்தாலும் அலைவரிசை ஒரே மூலையில் இருக்கும், குறைந்தபட்சங்கள் ஒரே கட்டத்தில் இருக்கும். ஜெப்பசன் பக்க எண்ணே 11-1 என்று தொடங்கினால் ஐஎல்எஸ், 13-1 என்றால் விஓஆர் என்னும் ரேடியோ நிலையத்தைக் கொண்டு இறங்கும் அணுகுமுறை என்று உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கு. எல்லை தாண்டிப் பறப்பவர் அந்தச் சந்தாவுக்குக் கொடுக்கும் பணம் நிச்சயமாகத் தகும். நீங்கள் விமான நிறுவனத்தில் சேர்ந்தால் அந்தச் செலவு உங்களுடையது அல்ல.

கேள்வி: இலவச வரைபடங்களை இறக்கி அச்சிட்டு வைத்துக்கொண்டால் எவ்வளவு நாள் பயன்படுத்தலாம்? ஐபேட் இருக்கும்போது தாள் தேவையா?

பதில்: உலகம் முழுவதும் விமானத் தகவல்கள் 28 நாள் சுழற்சியில், வியாழக்கிழமைகளில் மாறுகின்றன. எஃப்ஏஏ அணுகுமுறை வரைபடத்தின் இரு ஓரங்களிலும் செங்குத்தாக அச்சிட்டிருக்கும் இரண்டு தேதிகளைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 2025 மார்ச் 20 முதல் ஏப்ரல் 17 வரை. அந்த இரண்டாம் தேதியில் உலக நேரம் 09:01 மணிக்கு அடுத்த சுழற்சி நடைமுறைக்கு வந்துவிடும். அதன் பிறகு அந்தத் தாள் குப்பைக்கு உரியது. சுழற்சிக்கு நடுவிலும் உயரங்கள் மாறக்கூடும். அந்த மாற்றம் நோட்டாமாக மட்டுமே வரும். இலவசமோ சந்தாவோ, நோட்டாம் பார்க்காமல் எந்த வரைபடமும் முழுமையாகாது.

விமான நிறுவனங்களே தாளை விட்டுவிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013இல் விமானிகள் சுமந்த சுமார் 35 பவுண்டு எடையுள்ள பையை நீக்கி ஐபேடுக்கு மாறியது. ஆனால் அந்த விமானி அறையில் இரண்டு பேர், இரண்டு சாதனங்கள், குளிரூட்டல் எல்லாம் உண்டு. ஐபேடுக்கு ஆப்பிள் குறித்திருக்கும் இயக்க வெப்பநிலையின் உச்சம் 35 டிகிரி செல்சியஸ். டெக்சாஸ் கோடையில், கண்ணாடிக் கூரைக்குள், வெயில் நேரே விழும் இடத்தில் பொருத்திய ஐபேட் ஓடுபாதையில் காத்திருக்கும்போதே சூடாகித் திரையை அணைத்துவிடும். ஆகவே ஒற்றை விமானியாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும், சேரும் நிலையத்தின் அணுகுமுறை, மாற்று நிலையத்தின் அணுகுமுறை, இரண்டின் ஓடுபாதை வரைபடங்கள், புறப்படும் நிலையத்தின் தடை தவிர்ப்பு நடைமுறை ஆகியவற்றை மட்டும் அச்சிட்டு முழங்கால் பலகையில் செருகிக்கொள்ளுங்கள். அல்லது கைபேசியிலும் அதே செயலியை ஏற்றி, வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அச்சிட்ட தாளும் திரையும் ஒரே பாணியாக இருக்க வேண்டும். திரையில் ஜெப்பசன், தாளில் எஃப்ஏஏ என்று வைத்துக்கொண்டால், திரை அணைந்த நொடியில் கண் தேடும் மூலையில் தேவையான எண் இருக்காது.